புவானிதா உயிரோடிருந்த ஆறு மாதம்

எங்கள் அலுவலகத்தின் பெயர் இயற்கைப் பெருக்க அலுவலகம். துறைமுகக் கிடங்குக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட மூன்று அறை. நாட்டில் பிறந்தவர்களை எண்ணி, அதில் இறந்தவர்களைக் கழித்து, மிச்சத்தை வருடத்துக்கு ஒருமுறை சுற்றியுள்ள தீவு நாடுகளின் வட்டார மன்றத்துக்கு அறிவிப்பது எங்கள் வேலை. நாட்டில் எண்ணூற்று அறுபது பேர். இந்த வேலைக்கு மூன்று பேர்: இயக்குநர் ஃபலேசா ஐயா, வரைபடம் போடும் நியு, முன்மேஜையில் நான். விமானம் ஏறிப் போய்விடுகிறவர்களை நாங்கள் எண்ணுவதில்லை. அது இயற்கை ஆகாது, இடப்பெயர்ச்சி. அதற்குத் தனிப் பிரிவு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டு வருடத்துக்கு முன் விமானம் ஏறிப் போய்விட்டார்.

பெனிதுசி அண்ணன் வந்தது டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி. படகு இயந்திரம் பழுது பார்ப்பவர். அவர் மனைவி புவானிதா நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து இருபத்தேழாம் தேதி இறந்துபோனாள். வயது முப்பத்தொன்பது. மறுநாள் வீட்டை ஒட்டியே அடக்கம் செய்தோம். மாலை கட்டியது நான். குழியருகே நின்று நாலு வார்த்தை பேசியது ஃபலேசா ஐயா. ஆகவே அண்ணன் எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

"கிசா, புவானிதா பேரை எழுதிக்கம்மா" என்றார்.

பதிவேட்டைத் திறந்தேன். உள்ளே இருந்து ஐயா வந்தார்.

"வா பெனி, உக்காரு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஐயா."

"மனசைத் தேத்திக்க. பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளைப் பாரு." பிறகு சொன்னார்: "இந்த வருஷம் பிறந்தது ஒம்பது. போனது எட்டு. பெருக்கம் ஒண்ணு. இருபதாம் தேதியே வட்டார மன்றத்துக்கு எழுதி அனுப்பியாச்சு."

"சரிங்க ஐயா."

"இப்ப புவானிதாவை எழுதினா பூஜ்யம் ஆயிடும்."

அண்ணன் யோசித்தார். தன் பக்கம் ஏதோ தவறு நடந்துவிட்டதோ என்று தேடுகிறவர் போல இருந்தது முகம். "அவ போயிட்டாளே ஐயா."

"அதை யாரு இல்லைங்கறா? நானும்தானே மண்ணு போட்டேன். நான் சொல்றது எழுதுறதை. நாலு நாள் பொறு, ஜனவரி வந்துடும். அவ எங்க போயிடப்போறா?"

சரி என்று எழுந்து போனார். பதிவேட்டை மூடி வைத்தேன்.

ஜனவரி நாலாம் தேதி வந்தார். பதிவேட்டில் புது வருடத்துப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஐயா அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாரு பெனி. முதல் வரியே கழித்தலா? பத்து வருஷத்துக்கு முன்னாடி நம்ம பெருக்கம் பதினாலு. அப்புறம் ஏழு, நாலு, ரெண்டு, இப்ப ஒண்ணு. கோடு கீழ இறங்கிக்கிட்டே வருது. ஜூன்ல பெருகும் நாடுகளோட மாநாடு நம்ம ஊர்ல. பெருகாத நாடு எப்படி மாநாடு நடத்தும்? ஒரு பிறப்பு வரட்டும். அதுக்கு அடுத்த வரியில உன் பொண்டாட்டிதான்."

பெயரை எழுதினால்தான் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாள் அண்ணனுக்கு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். மகள் சியுலாவுக்குப் பதின்மூன்று வயது. ஊரில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேல் வகுப்பு இல்லை. ஆக்லாந்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில் தங்கி அவள் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததே புவானிதாதான். ஜூலையில் பருவம் தொடங்கும், அதைத் தவறவிட்டால் இடம் போய்விடும். கடவுச்சீட்டுக்குத் தாய், தந்தை இருவர் கையெழுத்தும் தேவை. தாய் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் தேவை. கடவுச்சீட்டு மேஜை எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவன் லோதோ. புவானிதாவின் சவப்பெட்டியை முன்னால் இடது பக்கம் தூக்கியவன் அவன்.

"அண்ணே, பதிவேட்டுல அக்கா உயிரோட இருக்காங்க" என்றான் லோதோ. "அவங்க சம்மதம் இல்லாம பொண்ணை வெளிநாடு அனுப்பிட்டு, நாளைக்கு அவங்களே வந்து சண்டை போட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"வந்தா எனக்குச் சொல்லி அனுப்பு" என்றார் பெனிதுசி அண்ணன்.

அவர் கிண்டல் பண்ணவில்லை. லோதோவும் சிரிக்கவில்லை. ஒரு தாளில் குறித்துக்கொண்டான்.

பிப்ரவரியில் இயகோபோ தாத்தா இறந்தார், எண்பத்தொரு வயது. மார்ச்சில் மீன்பிடிக்கப் போன ஒருவர் திரும்பவில்லை. சுவரில் ஒரு பலகை மாட்டச் சொன்னார் ஐயா. தலைப்பு: பதிவுக்குக் காத்திருக்கும் இறந்தோர். முதல் பெயர் புவானிதா. திங்கட்கிழமை காலையில் குடும்பத்தார் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் துண்டுச்சீட்டில் தங்கள் வரிசை எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார்கள். முன்னால் இருப்பவர் எப்போது நகர்வார் என்று என்னிடம் கேட்பார்கள். அதற்கு நான் கர்ப்பிணிகளின் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

மூன்று மாதமாக எங்கள் நாட்டில் யாரும் சாகவில்லை என்பதை வட்டார மன்றம் கவனித்தது. சராசரி ஆயுள் கூடியிருப்பதாகப் பாராட்டிக் கடிதம் வந்தது. ஐயா அதைச் சட்டம் போட்டு, பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

மார்ச் கடைசியில் முதல் குழந்தை பிறந்தது. அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"இல்ல பெனி" என்றார் ஐயா. "முதல் குழந்தையைக் கழிச்சிட்டா அப்புறம் பெருக்கம் எங்க? இது நாட்டுக்கு. அடுத்தது உனக்கு."

அடுத்த குழந்தை தௌசா வீட்டில். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்ததால் அவன் மனைவியை வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஏப்ரலில் அவள் குழந்தையோடு திரும்பினாள். அண்ணன் ஓடுதளத்துக்கே போய் நின்றார். நானும் ஐயாவும் பதிவேட்டோடு போயிருந்தோம். குழந்தையைப் பார்த்ததும் ஐயா தலையை ஆட்டினார்.

"விமானத்துல இருந்து இறங்கின குழந்தை பிறப்பு ஆகாது. வருகை. அது இடப்பெயர்ச்சிப் பிரிவு."

"பிறக்காமலா ஐயா வந்திருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"பிறந்திருக்கு. இங்க பிறக்கல."

தௌசாவின் மனைவி குழந்தையின் முகத்தை மேல்துணியால் மூடிக்கொண்டு நடந்தாள். இடப்பெயர்ச்சிப் பிரிவில்தான் ஆள் இல்லையே. அந்தக் குழந்தை இன்றுவரை எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. நன்றாகத் தவழ்கிறது.

அதே மாதம் அமைச்சரின் மாமியார் இறந்தார். பலகையில் அவர் பெயர் எல்லோருக்கும் மேலே போனது. வயதில் மூத்தவருக்கு மரியாதை என்றார் ஐயா. இயகோபோ தாத்தாவுக்கு அவரைவிட ஒன்பது வயது அதிகம் என்று தாத்தாவின் மகன் சொன்னபோது, அதைப் பரிசீலிக்க ஒரு குழு அமைப்பதாகச் சொன்னார். மே மாதத்துக் குழந்தை அமைச்சரின் மாமியாருக்குப் போயிற்று. பெனிதுசி அண்ணன் பலகையின் முன் நின்று பார்த்துவிட்டு, "சரி, இப்ப மறுபடியும் முதல்ல வந்துட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே மாதத்தில்தான் மகப்பேறு விருப்பக் கணக்கெடுப்பும் நடந்தது. பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்கள் எல்லோரிடமும் கேள்வி கேட்க வேண்டும். நாட்டில் அப்படி நூற்று நாற்பத்திரண்டு பேர். புவானிதாவையும் சேர்த்து. நர்ஸ் லுசா கேட்பாள், நான் எழுத வேண்டும். புவானிதாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, தலை வாரிவிட்டது லுசாதான். வீட்டு வாசலில் நின்று அவள் என்னைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன். உள்ளே போனோம்.

அண்ணன் பாய் விரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"அண்ணே, இது கேட்டே ஆகணும்" என்றாள் லுசா. "கோவிச்சுக்காதீங்க."

"கேளும்மா."

"புவானிதாவுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு? நல்லா, சுமாரா, மோசமா?"

அண்ணன் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். சமாதியின் மேல் சியுலா வைத்த பிளாஸ்டிக் பூக்கள் வெயிலில் வெளுத்திருந்தன. "இப்ப வலி இல்லை" என்றார்.

'நல்லா' என்பதில் குறியிட்டேன்.

"இன்னொரு குழந்தை பெத்துக்கணும்னு ஆசை இருக்கா?"

அவர் இளநீர்க் கூடுகளை எடுத்து ஓரமாக வைத்தார். எங்கோ ஒரு பன்றி உறுமிக்கொண்டிருந்தது. "இருந்துச்சு" என்றார் கடைசியில். "ஒரு பையன் வேணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னு."

படிவத்தில் 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டு கட்டம்தான். லுசா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, 'இருக்கிறது' என்பதில் அவளே குறியிட்டாள். வெளியே வந்ததும் வேலி ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கே மூன்று பெண்கள்.

விரும்பும் பிறப்புகளின் எண்ணிக்கையில் புவானிதாவால் ஒன்று கூடியது. நியு அதை வரைபடத்தில் ஏற்றினான். பத்து வருடத்தில் முதல்முறையாகக் கோடு மேலே திரும்பியது. ஐயா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஜூன் பதினேழாம் தேதி கூட்டக் கூடத்தில் மாநாடு தொடங்கியது. ஏழு நாட்டுப் பிரதிநிதிகள் மாலையோடு பாயில் உட்கார்ந்தார்கள். ஃபலேசா ஐயா பேசினார். அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்தவள் நான், வரி மாறாமல் சொல்வேன்.

"அன்பர்களே! மரணத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். அது முறைப்படி வர வேண்டும், வரிசையில் வர வேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம். சென்ற ஆண்டு நம் பிள்ளைகள் நாற்பத்தோரு பேர் விமானம் ஏறினார்கள். சிலர் இதைக் கண்டு கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம்! அது இயற்கை அல்ல. இயற்கையாக நாம் பெருகிக்கொண்டுதான் இருக்கிறோம். கடைசி மனிதர் விமானம் ஏறும் நாளிலும் நம் இயற்கைப் பெருக்கம் குறையாது என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன்!"

கைதட்டல் அடங்க நேரமானது.

பிறகு விருப்பம் தெரிவித்த பெண்களுக்குப் பாராட்டு. ஆளுக்கொரு பூப்போட்ட துணி. புவானிதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கூடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நூறு பேராவது இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெனிதுசி அண்ணன் எழுந்து போய்த் துணியை வாங்கிக்கொண்டார். வாங்காவிட்டால் பலகையில் கீழே இறக்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் போனதாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

கண்ணாடி போட்ட ஒரு பிரதிநிதி அம்மாள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்க வீட்டம்மா வரலையா?"

"வீட்டுப் பக்கத்துல இருக்கா."

"அப்ப நாமளே போய்ப் பாத்துடலாமே! பெருகுற குடும்பம் ஒண்ணையாவது நேர்ல பாக்கணும்னு நெனச்சேன்."

ஐயா மதியச் சாப்பாட்டை நினைவூட்டினார், வெயிலை நினைவூட்டினார், வழியில் நாய்கள் இருப்பதைச் சொன்னார். அந்த அம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஐயா, நான், அண்ணன் மூவரும் பின்னால் போனோம்.

வாசலில் சியுலா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் நேராகச் சமாதிக்கு முன்னால் போய் நின்றாள். புவானிதாவின் பெயரைக் கல்லில் செதுக்க எங்கள் அலுவலகம் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் அது வெறும் வெள்ளைத் திட்டாக, சுற்றிலும் பூவோடு இருந்தது.

"எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க! இது என்ன?"

"எங்க அம்மா" என்றாள் சியுலா.

"அவ அம்மா போட்ட தோட்டம்" என்றார் ஐயா. "கைராசிக்காரி."

அந்த அம்மாள் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, ஐயாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டாள். ஐயா சிரித்துக்கொண்டு நின்றார். சியுலா நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் அவள் காலில் சொட்டியது. அண்ணன் மெதுவாகப் போய் அவளை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

நான் படத்தில் இல்லை. படம் எடுத்தது நான்.

மறுநாள் காலையில் ரொட்டி சுடும் ஒலேபாவுக்கு வலி எடுத்தது என்று தகவல் வந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பெனிதுசி அண்ணன் எனக்கு முன்பே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒலேபாவின் கணவன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். உள்ளே ஒவ்வொரு தடவை ஒலேபா கத்தும்போதும் இருவரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள்.

பதினொரு மணிக்குக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. கணவன் உள்ளே ஓடி, வெளியே ஓடி வந்து, முதலில் கண்ணில் பட்டவரைக் கட்டிப்பிடித்தான்.

"அண்ணே, பொண்ணு!"

"ரொம்ப நன்றிப்பா" என்றார் பெனிதுசி அண்ணன்.

அவன் விழித்தான். "எனக்கு எதுக்கண்ணே நன்றி?"

"ரொம்ப நன்றி" என்று மறுபடி சொன்னார். "புள்ளைய நல்லா பாத்துக்க." பிறகு என்னிடம் திரும்பினார். "எழுதிக்கலாமா கிசா?"

அலுவலகத்துக்கு நடந்தோம். ஐயா தன் அறையில் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கையைக் காட்டி அனுமதி கொடுத்தார். பிறப்பை ஒரு வரியில் எழுதினேன், இறப்பை அடுத்த வரியில் எழுதினேன். சான்றிதழைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி நீட்டினேன்.

அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஜூன் பதினெட்டுன்னு போட்டிருக்கே."

"பதிஞ்ச நாளைத்தான் இறந்த நாளா போடணும்ணே. இல்லன்னா போன வருஷத்துக் கணக்கு மாறிடும்."

"அப்ப டிசம்பர்ல நாம யாரைப் புதைச்சோம்?"

அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கதவு வரை போய் நின்றார். "காலையிலதான் போயிருக்கா அப்ப" என்றார், என்னிடம் சொல்வது போலவும் இல்லை. பிறகு லோதோவின் மேஜைக்குப் போனார்.

ஜூலை முதல் வாரத்தில் சியுலா கிளம்பினாள். விமானம் வருவதற்கான சங்கு ஊதியதும் பிள்ளைகள் ஓடுதளத்தில் கட்டியிருந்த பந்து வலையை அவிழ்த்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். அதே விமானத்துக்கு ஃபலேசா ஐயாவும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஆறு பெட்டிகளோடு வந்திருந்தார்கள். வட்டார மன்றத்தில் அவருக்குப் பெருக்க ஆலோசகர் பதவி கிடைத்திருந்தது. குடும்பத்தோடு போகிறார்.

"என்ன பெனி, மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?" என்றார். "உன் பொண்ணு போறா, நாங்க அஞ்சு பேர் போறோம், மொத்தம் ஆறு. ஆனா ஒரு புள்ளிகூட இறங்காது பாரு. எல்லாம் இடப்பெயர்ச்சி."

"நல்லபடியா போயிட்டு வாங்க ஐயா" என்றார் அண்ணன்.

சியுலா அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். "ரெண்டு வேளையும் சாப்பிடு. பூவுக்குத் தண்ணி ஊத்தாத, அது பிளாஸ்டிக்கு" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் படியேறும் வரை கையை ஆட்டவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கதவு மூடிய பிறகுதான் ஆட்டினார். விமானம் போனதும் பிள்ளைகள் வலையை மறுபடி கட்டினார்கள்.

அடுத்த மாதம் அரையாண்டு வீட்டுக் கணக்கு. இப்போது நான்தான் பொறுப்பு இயக்குநர். முன்மேஜையும் நான்தான். நியுவும் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், அதனால் வீடு வீடாகப் போக வேறு ஆள் இல்லை.

பெனிதுசி அண்ணன் வீட்டு முற்றத்தில் ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாகங்கள் சாக்கின் மேல் வரிசையாக இருந்தன. சமாதியில் பெயர் செதுக்க இப்போது தடை ஏதும் இல்லை. ஆனாலும் கல் வெறுமையாகத்தான் இருந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு தட்டு, ஒரு குவளை.

எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும் என்பது விதி.

"அண்ணே, வீட்டுல எத்தனை பேர்?"

அவர் ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மூணு."

நான் பேனாவோடு நின்றேன். ஆறு மாதம் எங்கள் மேஜைக்கு நடையாய் நடந்தவர் அவர். எதற்காக நடந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஆம்பள?"

"ஒண்ணு."

"பொம்பள?"

ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. முதல் தடவையாக அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு."

எழுதிக்கொண்டேன். பிறகு நன்றி சொன்னேன். கணக்கெடுப்பு முடிந்ததும் குடும்பத் தலைவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று படிவத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறது.